‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ இணைப்பைப் பின்தொடர்ந்து: யூஎக்ஸ், மென்பொருள் சொற்கள் புதியவர்களுக்கு

யூஎக்ஸ் துறைக்கோ மென்பொருள் வேலைக்கோ புதிதாக வருபவரிடம் முதல் நாளே ஒரு கலைச்சொல் பட்டியலை நீட்டிவிடுவார்கள். அதை முழுக்கப் படித்தாலும் மறுநாள் கூட்டத்தில் பாதிப் பேச்சு புரியாது. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை வேலை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடத்தில்தான் பயன்படுகின்றன. யார் யாரிடம் எதைக் கொடுக்கிறார், அப்போது என்ன கெட்டுப்போகும் என்று தெரியாமல் பொருளை மட்டும் மனப்பாடம் செய்வது வீண்.

ஆகவே ஒரே ஒரு சிறு வசதியை எடுத்துக்கொள்வோம்: உள்நுழைவுப் பக்கத்தில் இருக்கும் ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்ற இணைப்பு. அது யோசனையாக இருக்கும் நாளிலிருந்து பயனர் கைக்குப் போய்ச் சேரும் நாள் வரை தொடர்ந்து போனால், தேவையான சொற்களில் முக்கால்வாசி வழியிலேயே வந்துவிடும். ஒரு தாள், ஒரு பேனா, கணினியில் ஒரு பிரவுசர் இருந்தால் போதும். ஒவ்வொரு படியிலும் சொன்னதைச் செய்துகொண்டே வாருங்கள்.

படி 1: யாருக்கு என்ன சிக்கல் என்று எழுதுங்கள்

முதலில் யூஎக்ஸ், யூஐ குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். திரையில் தெரியும் பொத்தான், நிறம், எழுத்துரு, இடைவெளி ஆகியவை யூஐ, அதாவது இடைமுகம். கடவுச்சொல்லை மறந்தவர் மீண்டும் உள்ளே வரும்வரை அவருக்கு நேரும் அத்தனையும் யூஎக்ஸ். மின்னஞ்சல் வர எவ்வளவு நேரம் ஆகிறது, அதில் உள்ள வாக்கியம் புரிகிறதா, இணைப்பு காலாவதியானால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் சேரும். வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது தன் பதவிப் பெயரிலேயே ‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று வைத்துக்கொண்டதற்கும் இதுதான் காரணம். இடைமுகம் என்ற சொல் அவருக்குக் குறுகலாகப் பட்டது.

பயனர் ஆய்வு என்பது பயனர்களோடு பேசியும் அவர்கள் வேலை செய்வதைப் பார்த்தும் சேர்க்கும் தகவல். அதிலிருந்து திரண்டு வரும் மாதிரி மனிதர்தான் பெர்சோனா. ஆய்வே செய்யாமல் கூட்ட அறையில் உட்கார்ந்து ஒரு பெயர், ஒரு புகைப்படம், இரண்டு பொழுதுபோக்கு என்று எழுதி வைத்தால் அது கற்பனைப் பாத்திரம். அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. நல்ல பெர்சோனாவில் வயதைவிட நடத்தை முக்கியம்: ‘மாதம் ஒருமுறைதான் உள்ளே வருவார், ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லை மறப்பார், மின்னஞ்சலைக் கைபேசியில்தான் திறப்பார்.’ இந்த ஒரு வரியே வடிவமைப்பை மாற்றும்.

இப்போது யூசர் ஸ்டோரி எழுதுங்கள். யார், என்ன வேண்டும், எதற்காக என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும்: ‘கடவுச்சொல்லை மறந்த பயனராகிய எனக்கு, யாருடைய உதவியும் இல்லாமல் புதிய கடவுச்சொல் வைக்கும் வழி வேண்டும், என் கணக்குக்குள் மீண்டும் போவதற்காக.’ இதில் ‘பொத்தான்’, ‘மின்னஞ்சல்’ என்ற சொற்களே இல்லை என்பதைக் கவனியுங்கள். தீர்வை ஸ்டோரிக்குள் எழுதிவிட்டால் வடிவமைப்பாளர் யோசிக்க வேண்டிய இடம் அப்போதே மூடிவிடும்.

ஸ்டோரிக்குக் கீழே அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா, அதாவது ஏற்பு நிபந்தனைகள் வரும். வேலை முடிந்ததா என்று ஆம், இல்லை என இரண்டே விடையில் சொல்ல இவை உதவும். நம் வசதிக்கு இப்படி எழுதலாம்: மின்னஞ்சலில் வரும் இணைப்பு 30 நிமிடம் மட்டும் செல்லும், ஒருமுறைதான் பயன்படும், பதிவில் இல்லாத மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தாலும் அதே செய்திதான் காட்டப்படும், கடவுச்சொல் மாறியதும் மற்றக் கருவிகளில் திறந்திருக்கும் அமர்வுகள் எல்லாம் மூடப்படும். மூன்றாவது நிபந்தனை புதியவர்களுக்கு விநோதமாகத் தெரியும். ‘இந்த முகவரி எங்களிடம் இல்லை’ என்று சொல்லிவிட்டால், யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று வெளியாள் ஒவ்வொரு முகவரியாகப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதைத் தடுக்கத்தான் இது. ‘எளிதாக இருக்க வேண்டும்’, ‘வேகமாக இருக்க வேண்டும்’ போன்றவை நிபந்தனை ஆகா, அளக்க வழியில்லை.

படி 2: ஓட்டத்தை வரையுங்கள், பிறகு கட்டங்களை

தாளில் யூசர் ஃப்ளோ வரையுங்கள். பயனர் எந்தத் திரையிலிருந்து எந்தத் திரைக்குப் போகிறார் என்ற அம்புக்குறிப் படம் அது. எல்லாம் சரியாக நடந்தால் செல்லும் பாதைக்கு ஹேப்பி பாத் என்று பெயர். நம் வசதியில் அது நான்கு திரை: முகவரி கேட்பது, ‘அஞ்சலைப் பாருங்கள்’ என்பது, புதிய கடவுச்சொல் கேட்பது, முடிந்தது என்பது. பெரும்பாலான புதியவர்கள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். உண்மையான வேலை எட்ஜ் கேஸ்களில், அதாவது விளிம்பு நிலைகளில்தான் இருக்கிறது. 31ஆவது நிமிடத்தில் இணைப்பைத் திறந்தால்? ஒரே இணைப்பை இரண்டு முறை திறந்தால்? இரண்டு முறை கேட்டு, பழைய அஞ்சலில் உள்ள இணைப்பைத் தட்டினால்? கணினியில் கேட்டுக் கைபேசியில் திறந்தால்? ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அம்புக்குறி போட்டுப் பாருங்கள். நான்கு திரை ஏழாகிவிடும். இந்த மூன்று கூடுதல் திரைகளை வடிவமைப்பாளர் வரையாவிட்டால் டெவலப்பர் தன் மனம்போல் எழுதிவிடுவார். ‘தவறான டோக்கன்’ போன்ற செய்திகள் பயனர் முன்னால் வந்து நிற்பது இப்படித்தான்.

அடுத்து வரும் மூன்று சொற்கள் நிறையக் குழப்பும். வயர்ஃபிரேம் என்பது கட்டங்களும் கோடுகளும் மட்டும். எது எங்கே இருக்கிறது, எது பெரிது என்று காட்டும், நிறம் கிடையாது. மாக்அப் என்பது நிறம், எழுத்துரு, படம் எல்லாம் சேர்ந்த நிலைப்படம். புரோட்டோடைப் என்பது தட்டினால் அடுத்த திரைக்குப் போகும் மாதிரி, தாளிலும் செய்யலாம். எவ்வளவு முழுமையாக இருக்கிறது என்பதை ஃபிடெலிட்டி என்பார்கள். ‘லோ ஃபிடெலிட்டி புரோட்டோடைப்’ என்றால் கரடுமுரடான, ஆனால் நகரக்கூடிய மாதிரி. வயர்ஃபிரேம் கட்டத்திலேயே நிறத்தைப் பூசிவிட்டால் பார்ப்பவர்கள் நிறத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். ஓட்டத்தில் உள்ள ஓட்டை யார் கண்ணிலும் படாது.

ஒவ்வொரு திரைக்கும் ஸ்டேட், அதாவது நிலைகள் உண்டு. ‘இணைப்பை அனுப்பு’ என்ற ஒரு பொத்தானுக்கே இயல்பு நிலை, சுட்டி மேலே வந்த ஹோவர் நிலை, விசைப்பலகை வழியே வந்து நின்ற ஃபோகஸ் நிலை, அழுத்த முடியாத நிலை, காத்திருக்கும் நிலை என்று ஐந்தை வரைய வேண்டும். தொடுதிரையில் ஹோவர் கிடையாது; அதனால் முக்கியமான தகவல் எதையும் ஹோவரில் ஒளித்து வைக்காதீர்கள். காத்திருக்கும் நிலையை விட்டுவிட்டால் பயனர் பொறுமையிழந்து பொத்தானை மூன்று முறை அழுத்துவார், மூன்று அஞ்சல் வரும், முதல் இரண்டும் செல்லாது. காத்திருப்புக்கு யூஎக்ஸ் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் தரும் மூன்று எல்லைகள் இன்றும் பயன்படுகின்றன: 0.1 விநாடிக்குள் நடந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும்; 1 விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது; 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும்.

பொத்தான் பெயர், பிழைச் செய்தி, உதவி வரி ஆகிய குறுஞ்சொற்களை மைக்ரோகாப்பி என்பார்கள். பிழைச் செய்தியில் என்ன நடந்தது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டும் இருக்க வேண்டும். ‘பிழை ஏற்பட்டது’ என்பதில் இரண்டுமே இல்லை. ‘இந்த இணைப்பின் 30 நிமிடம் முடிந்துவிட்டது. புதிய இணைப்பு பெற இங்கே தட்டுங்கள்’ என்பதில் இரண்டும் உண்டு.

படி 3: ஐந்து பேரிடம் சோதியுங்கள்

யூசபிலிட்டி டெஸ்டிங் என்பது உண்மையான பயனரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, அவர் செய்வதை வாய் திறக்காமல் பார்ப்பது. ‘உங்கள் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்குள் போங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘மறந்துவிட்டதா என்ற இணைப்பைத் தட்டுங்கள்’ என்று சொன்னால் சோதனை அங்கேயே செத்துவிடும். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முடிவில் ‘பிடித்திருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள்; எதிரில் உட்கார்ந்திருப்பவர் மனம் நோகக் கூடாது என்று எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள்.

ஐந்து பேர் போதும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சராசரியாக ஒரு பயனர் 31 சதவீதச் சிக்கல்களில் இடறுகிறார் என்று நீல்சனும் லாண்டாவரும் கண்டார்கள். ஒரே சிக்கலில் பலர் இடறுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வெளிவரும். இந்த 31 என்பது அவர்கள் பார்த்த திட்டங்களின் சராசரி. உங்கள் செயலிக்கு அது மாறலாம். ஆனால் பதினைந்து பேரை ஒரே சுற்றில் சோதிப்பதைவிட, ஐவரிடம் சோதித்து, திருத்தி, வேறு ஐவரிடம் சோதிப்பது மேல் என்ற பாடம் மாறாது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாதவை மூன்று. ஹியூரிஸ்டிக் எவாலுவேஷனில் பயனரே கிடையாது. நிபுணர்கள் ஒரு விதிப்பட்டியலை வைத்துத் திரைகளைப் பார்ப்பார்கள். நீல்சனின் பத்து விதிகள் இதற்குப் பெயர்பெற்றவை. யூஏடி என்பது, கேட்டது கேட்டபடி கட்டப்பட்டிருக்கிறதா என்று வேலை கொடுத்தவர் பார்த்து ஒப்புக்கொள்வது. ஏ/பி டெஸ்ட் என்பது வெளியான பிறகு இரு வடிவங்களைப் பயனர்களுக்குப் பிரித்துக் காட்டி எண்ணிக்கையால் ஒப்பிடுவது. ‘டெஸ்ட் முடிந்ததா?’ என்று யாராவது கேட்டால், எந்த டெஸ்ட் என்று திருப்பிக் கேளுங்கள்.

படி 4: அணுகல்தன்மையை இப்போதே அளந்துவிடுங்கள்

அக்செசிபிலிட்டி, அதாவது அணுகல்தன்மை: பார்வை, கேட்டல், கை அசைவு, புரிதல் எதில் குறை இருந்தாலும் வேலையை முடிக்க முடிவது. இதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால் நிறத்திலிருந்து நிரல் வரை பிரித்துக் கட்ட வேண்டிவரும். இதற்கான உலக அளவுகோல் டபிள்யூசிஏஜி, அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. புதியவர் உடனே அளக்கக்கூடிய சில எண்களைப் பார்ப்போம்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான கான்ட்ராஸ்ட் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் 4.54 பெற்றுத் தேறும். #777777 என்பது 4.48 பெற்றுத் தோற்கும். கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கருவி வைத்து அளக்க வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம். விரலால் தட்டும் இடம் ஆப்பிள் வழிகாட்டலில் 44, ஆண்ட்ராய்டில் 48 அலகு, டபிள்யூசிஏஜி 2.2 கேட்கும் குறைந்தபட்சம் 24 சிஎஸ்எஸ் பிக்சல் (இது என்ன அலகு என்று படி 5இல் வரும்).

லேபிள் வேறு, பிளேஸ்ஹோல்டர் வேறு. பெட்டிக்கு மேலே நிலையாக நிற்பது லேபிள். பெட்டிக்குள் மங்கலாக இருந்து தட்டச்சு தொடங்கியதும் மறைவது பிளேஸ்ஹோல்டர். இடம் மிச்சம் என்று லேபிளை நீக்கிவிட்டால், பாதி நிரப்பிய படிவத்தைப் பார்ப்பவருக்கு எந்தப் பெட்டியில் எதை எழுதினோம் என்றே தெரியாது. கடவுச்சொல் பெட்டியில் ஒட்டும் வசதியைத் தடுப்பதும் கெட்ட பழக்கம். கடவுச்சொல் மேலாளர் பயன்படுத்துபவர்களை அது அடித்து விரட்டும். சோதிக்க எளிய வழி: சுட்டியைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசை, என்டர் விசை இரண்டால் மட்டும் நம் ஏழு திரைகளையும் கடந்து பாருங்கள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போனால், யாரோ ஃபோகஸ் கோட்டை அழகுக்காக நீக்கியிருக்கிறார்கள்.

படி 5: கையளிப்பு

வடிவமைப்பாளர் டெவலப்பரிடம் கோப்பைக் கொடுப்பதற்கு ஹேண்ட்ஆஃப் என்று பெயர். மீண்டும் மீண்டும் வரும் பொத்தான், பெட்டி போன்றவை காம்பொனென்ட். அவற்றையும் அவற்றுக்கான விதிகளையும் சேர்த்து வைத்தது டிசைன் சிஸ்டம். ‘முதன்மை நிறம்’, ‘சிறு இடைவெளி’ என்று மதிப்புகளுக்குப் பெயரிட்டு வைப்பது டிசைன் டோக்கன். இந்த டோக்கனுக்கும் கீழே வரும் பாதுகாப்பு டோக்கனுக்கும் எந்த உறவும் இல்லை.

பிக்சல் என்றதும் திரையின் புள்ளி என்று நினைக்காதீர்கள். சிஎஸ்எஸ் பிக்சல், இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் வரும் ஓர் அளவு அலகு; நுண்ணிய திரைகளில் ஒரு சிஎஸ்எஸ் பிக்சலுக்குள் நெடுக்கிலும் குறுக்கிலும் இரண்டோ மூன்றோ புள்ளிகள் இருக்கும். படங்களை 2 மடங்கு, 3 மடங்கு என்று ஏற்றுமதி செய்யக் கேட்பது இதனால்தான். ரெம் என்ற அலகு பயனர் பிரவுசரில் வைத்திருக்கும் எழுத்தளவைப் பொறுத்தது. இயல்பாக அது 16 பிக்சல், ஆகவே 24 பிக்சல் 1.5 ரெம். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கு ரெம்மில் எழுதிய பக்கம் வளர்ந்து கொடுக்கும், பிக்சலில் எழுதியது அசையாது. திரை அகலத்துக்கு ஏற்பப் பக்கம் மாறுவது ரெஸ்பான்சிவ் டிசைன். அது எந்த அகலத்தில் மாறுகிறதோ அது பிரேக்பாயின்ட்.

படி 6: கோரிக்கை போகும் வழி

இங்கே சற்று நேரம் செலவிடுங்கள். டிசைனர்களும் டெவலப்பர்களும் ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பயனரின் பிரவுசரில் ஓடும் பகுதி ஃபிரண்ட்எண்ட். சர்வரில் ஓடும் பகுதி பேக்எண்ட். தகவல் நிலையாகத் தங்கும் இடம் தரவுத்தளம். ஃபிரண்ட்எண்ட் எந்த வடிவில் கேட்டால் பேக்எண்ட் எந்த வடிவில் பதில் தரும் என்ற ஒப்பந்தம் ஏபிஐ. ஏபிஐயில் உள்ள ஒவ்வொரு முகவரியும் எண்ட்பாயின்ட். போகும் வரும் தகவல் பெரும்பாலும் ஜேசான் என்ற உரை வடிவில் இருக்கும்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? ஏதாவது ஓர் உள்நுழைவுப் பக்கத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். உங்கள் முகவரியைக் கொடுத்துப் பொத்தானை அழுத்துங்கள். புதிதாக ஒரு வரி வரும். அதில் மெத்தட், ஸ்டேட்டஸ் கோட், எடுத்த நேரம் மூன்றும் இருக்கும்.

மெத்தட்களில் முதலில் தெரிய வேண்டியவை இரண்டு. கெட் என்பது வாங்கிப் பார்க்க மட்டும்; அதனால் எதுவும் மாறக் கூடாது. போஸ்ட் என்பது ஏதோ ஒன்றைச் செய்ய. இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் வசதியே நல்ல சான்று. அஞ்சலில் உள்ள இணைப்பைத் திறப்பது ஒரு கெட் கோரிக்கை. அதைத் திறந்த உடனேயே ‘பயன்படுத்தப்பட்டது’ என்று குறித்துவிட்டால், சில அலுவலக அஞ்சல் அமைப்புகளின் பாதுகாப்பு மென்பொருள் தீங்கு இருக்கிறதா என்று பார்க்க இணைப்பை முன்கூட்டியே திறக்கும்போது டோக்கன் செலவாகிவிடும். பயனர் முதல்முறை தட்டும்போதே ‘ஏற்கெனவே பயன்படுத்தியது’ என்று வரும். சொந்தக் கணினியில் சோதிக்கும்போது இந்தக் கோளாறு எப்போதும் வராது. சரியான வழி: கெட் படிவத்தை மட்டும் காட்டட்டும்; புதிய கடவுச்சொல்லோடு வரும் போஸ்ட் டோக்கனைச் செலவழிக்கட்டும்.

ஸ்டேட்டஸ் கோடின் முதல் இலக்கம் யார் பக்கம் கோளாறு என்று சொல்லிவிடும். 2 என்றால் சரி, 3 என்றால் வேறிடம் போ, 4 என்றால் கேட்டவர் பக்கம் பிழை, 5 என்றால் சர்வர் பக்கம் பிழை. 404 எல்லோருக்கும் தெரியும். 401க்கும் 403க்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்: நீ யார் என்று தெரியவில்லை என்பது 401, யார் என்று தெரிகிறது, ஆனால் அனுமதி இல்லை என்பது 403. முதலாவது ஆதென்டிகேஷன், இரண்டாவது ஆதரைசேஷன். 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டாய் என்று பொருள்; அந்த அளவுக் கட்டுப்பாடு ரேட் லிமிட். நம் வசதிக்கு அது கட்டாயம், இல்லாவிட்டால் ஒருவர் இன்னொருவரின் அஞ்சல் பெட்டியை ஆயிரம் அஞ்சலால் நிரப்பிவிடலாம்.

சர்வர் இங்கே செய்வது என்ன? யூகிக்க முடியாத ஒரு நீண்ட தற்செயல் சரத்தை உருவாக்கும். அதுதான் டோக்கன். அதை இணைப்பில் வைத்து அனுப்பும். தரவுத்தளத்தில் அதன் ஹேஷை மட்டும் வைக்கும். ஹேஷ் ஒருவழிப் பாதை, திரும்பிப் பழைய மதிப்பைப் பெற முடியாது. என்கிரிப்ஷன் இருவழி, சாவி இருந்தால் திறக்கலாம். கடவுச்சொற்களை ஹேஷ் செய்துதான் வைக்க வேண்டும். பிகிரிப்ட், ஆர்கான்2 போன்றவை அதற்காகவே உருவானவை. உங்கள் பழைய கடவுச்சொல்லை அப்படியே அஞ்சலில் அனுப்பும் தளம் அதை ஹேஷ் செய்யவில்லை என்பது உறுதி. வேறிடத்தில் அதே கடவுச்சொல் வைத்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

அஞ்சலை உடனே அனுப்பாமல் கியூ என்ற வரிசையில் போட்டுவிட்டுப் பதில் சொல்வது நல்லது. திரை வேகமாக நகரும். இன்னொரு நன்மையும் உண்டு: பதிவில் உள்ள முகவரிக்கு இரண்டு விநாடியும் இல்லாத முகவரிக்குக் கால் விநாடியும் எடுத்தால், ஒரே செய்தியைக் காட்டியும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வேலிடேஷன், அதாவது உள்ளீட்டுச் சரிபார்ப்பு, இரு பக்கமும் வேண்டும். ஃபிரண்ட்எண்டில் செய்வது பயனருக்கு உடனே உதவ. பேக்எண்டில் செய்வது பாதுகாப்புக்கு, ஏனென்றால் பிரவுசரைத் தாண்டியும் கோரிக்கை அனுப்ப முடியும். தமிழ் உள்ளீடு வரும் இடங்களில் இது அடிக்கடி இடறும். ‘நிலா’ நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் நான்கு குறியீடு. அதைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் 12 பைட். ‘எழுத்து மட்டும் அனுமதி’ என்று எழுதிய விதி, உயிர்மெய்க் குறிகளை எழுத்தாகக் கொள்ளாமல் அந்தப் பெயரையே மறுத்துவிடும். பிகிரிப்ட் பொதுவாக முதல் 72 பைட்டை மட்டும் பார்க்கும். தமிழில் அது 24 குறியீடுதான். நீளமான தமிழ்த் தொடரைக் கடவுச்சொல்லாக வைப்பவரின் பின்பாதி கணக்கிலேயே வராது.

படி 7: நிரல் சேரும் இடம்

கிட் என்பது நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது. கிட்ஹப் அதை வைத்து நடக்கும் ஓர் இணையச் சேவை, இரண்டும் ஒன்றல்ல. நிரலும் வரலாறும் சேர்ந்த தொகுப்பு ரெப்போ. ஒரு மாற்றத்தைக் குறிப்போடு பதிவது கமிட். மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் தனியே வேலை செய்யும் கிளை பிராஞ்ச். அதை முதன்மைக் கிளையில் சேர்ப்பது மெர்ஜ். ஒரே வரியை இருவர் வெவ்வேறாக மாற்றியிருந்தால் மெர்ஜ் கான்ஃபிளிக்ட் வரும். எது வேண்டும் என்று மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். புதியவர்கள் இதைக் கண்டு பயந்து மற்றவரின் வரியை அழித்துவிடுவதுண்டு. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

‘என் மாற்றத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற வேண்டுகோள் புல் ரிக்வெஸ்ட். அதை இன்னொருவர் படிப்பது கோட் ரிவ்யூ. ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரு வேலை மட்டும் இருக்கட்டும். கடவுச்சொல் வசதியோடு எழுத்துரு மாற்றத்தையும் சேர்த்து ஆயிரம் வரி அனுப்பினால் படிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புதல் தந்துவிடுவார். செயல்பாடு மாறாமல் நிரலின் அமைப்பை மட்டும் சீராக்குவது ரீஃபாக்டரிங். செயல்பாடும் மாறினால் அதை அந்தப் பெயரில் அழைக்காதீர்கள்.

திட்டமிடல் சொற்களை இங்கேயே சொல்லிவிடலாம். செய்ய வேண்டியவற்றின் வரிசை பேக்லாக். வேலையைச் சிறு காலத் துண்டுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்கிரம் முறையில் அந்த ஒவ்வொரு துண்டும் ஸ்பிரிண்ட். ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது, இரண்டு வாரம் வழக்கம். பயன்படக்கூடிய மிகச் சிறிய வடிவம் எம்விபி. பாதி வேலை செய்யும் நான்கு திரைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அவசரத்துக்கு எடுத்த குறுக்கு வழியால் பின்னாளில் கூடும் வேலை டெக்னிக்கல் டெட்.

படி 8: சோதனை, வெளியீடு, பின்வாங்கல்

ஒரு சிறு செயல்கூறைத் தனியே சோதிப்பது யூனிட் டெஸ்ட்: ‘31 நிமிடமான டோக்கனை மறுக்கிறதா?’ பல கூறுகளைச் சேர்த்துச் சோதிப்பது இன்டக்ரேஷன் டெஸ்ட். பிரவுசரைத் திறந்து தொடக்கம் முதல் முடிவு வரை போவது எண்ட் டு எண்ட் டெஸ்ட். நேற்று வேலை செய்த ஒன்று இன்றைய மாற்றத்தால் கெட்டுப்போவது ரிக்ரெஷன். ஒவ்வொரு மாற்றமும் சேரும்போது இந்தச் சோதனைகள் தாமே ஓடும் ஏற்பாடு சிஐ.

டெவலப்பரின் கணினி லோக்கல். உண்மை போன்ற ஒத்திகை இடம் ஸ்டேஜிங். பயனர் இருக்கும் இடம் புரொடக்‌ஷன். ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்ற பேச்சு எழுவது இவற்றின் அமைப்புகள் வேறுபடுவதால்தான்.

டிப்ளாய் வேறு, ரிலீஸ் வேறு. நிரலைச் சர்வரில் கொண்டுபோய் வைப்பது டிப்ளாய்; பயனருக்குத் திறந்துவிடுவது ரிலீஸ். இரண்டையும் பிரித்து வைக்கும் சுவிட்ச் ஃபீச்சர் ஃபிளாக். முதலில் குழுவினருக்கு மட்டும் திறந்து, பிறகு 5 சதவீதம் பேருக்கு, பிறகு எல்லோருக்கும் என்று போகலாம். கெட்டால் முந்தைய பதிப்புக்குத் திரும்புவது ரோல்பேக். நிரலை நிமிடத்தில் திருப்பிவிடலாம். தரவுத்தள அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் அப்படியல்ல, நீக்கிய பத்தியில், அதாவது அட்டவணையின் நெடுவரிசையில், இருந்த தகவல் திரும்பி வராது. ஆகவே புதிய பத்தியை முதலில் சேருங்கள், புதிய நிரலை அனுப்புங்கள், பழைய பத்தியைச் சில வாரம் கழித்து நீக்குங்கள்.

பக், அதாவது நிரல் பிழை, கண்டால் எழுத வேண்டியவை: எந்தப் படிகளைச் செய்தால் திரும்ப வருகிறது, என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, எந்தக் கருவி, பிரவுசர், பதிப்பு. ‘கடவுச்சொல் வேலை செய்யவில்லை’ என்ற டிக்கெட் (பிழைப் பதிவு) ஒருவருக்கும் உதவாது. சிவியாரிட்டி என்பது பாதிப்பின் அளவு, பிரையாரிட்டி என்பது அவசரத்தின் அளவு. முகப்பில் நிறுவனப் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் பாதிப்பு சிறிது, அவசரம் பெரிது. யாரும் பயன்படுத்தாத பழைய பக்கம் முழுதாக விழுந்தால் நேர்மாறு.

படி 9: வெளியான பிறகு எண்ணுங்கள்

பயனர்கள் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் கணக்கு ஃபனல். ஒரு படியில் விட்டுப்போவது டிராப்ஆஃப். நம் வசதிக்கு ஐந்து புள்ளியில் எண்ணுங்கள்: இணைப்பைத் தட்டியவர், முகவரி கொடுத்தவர், அஞ்சலில் உள்ள இணைப்பைத் திறந்தவர், புதிய கடவுச்சொல் வைத்தவர், அதைக் கொண்டு உள்ளே வந்தவர்.

எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து வேலை வேறொருவருக்குப் போகும். ஒன்றிலிருந்து இரண்டுக்குள் விழுந்தால் படிவத்தில் சிக்கல், அல்லது எந்த முகவரியில் பதிந்தோம் என்றே பலருக்கு நினைவில்லை. மூன்றிலிருந்து நான்குக்குள் விழுந்தால் கடவுச்சொல் விதிகள் கடுமையாக இருக்கலாம், அல்லது அவற்றைத் தவறிய பிறகுதான் காட்டுகிறீர்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குள் விழுந்தால் திரையைத் தொடாதீர்கள். பதிவில் இல்லாத முகவரி கொடுத்தவர்களை முதலில் கணக்கிலிருந்து கழியுங்கள். மிச்சமும் பெரிதாக இருந்தால் அஞ்சல் சேவையின் லாக்கை, அதாவது நிகழ்வுப் பதிவை, திறந்து, எத்தனை திரும்பி வந்தன, அஞ்சல் உண்மையில் உங்கள் தளத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் அமைப்புகள் சரியாக இருக்கின்றனவா, அஞ்சல்கள் ஸ்பேம் பெட்டிக்குள் விழுகின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகு அஞ்சல் போய்ச் சேர எடுக்கும் நேரத்தை அளந்து, 30 நிமிடம் என்ற நிபந்தனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.